சேவு தராத அண்ணாச்சி

கையில் காசோடு வந்து நின்றவர்களை, "ஒனக்குக் கெடையாது, போ" என்று திருப்பி அனுப்பிய ஒரே வியாபாரியை என் ஆயுளில் திருச்சுழியில்தான் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து எங்கள் தெருவுக்குத் திரும்பும் முக்கில் அவருடைய மளிகைக்கடை இருந்தது. ஊரே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். நானும் அப்படித்தான். அவரால் அதிகமுறை திருப்பி அனுப்பப்பட்ட வாடிக்கையாளர் நான்தான் என்பதை ஒருவித உரிமையோடு சொல்லிக்கொள்கிறேன்.

அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடத்திலேயே கனத்த பிள்ளை. யூனிபார்ம் தைக்கிற டெய்லர் என்னைக் கண்டதும், இன்ச் டேப்பை எடுப்பதற்கு முன்னால் ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொள்வார். எனக்கு அதில் பெரிய வருத்தம் இருந்ததில்லை. மழை பொய்த்தால் குதிரைவாலிகூடக் கருகிப்போகிற எங்கள் பக்கத்தில், கன்னம் உப்பிய பிள்ளை என்பது அந்த வீட்டுக்குக் கிடைத்த நல்ல பெயர். அதிலும் என் அம்மா சத்துணவு அமைப்பாளர். ஊர்ப் பிள்ளைகள் வயிறு நிறையச் சாப்பிடுகிறார்களா என்று பார்ப்பதுதான் உத்தியோகம். அந்த உத்தியோகத்தை வீட்டுக்கு வந்தும் விடாமல் பார்த்தாள். "எம்புள்ள பூசினாப்புல இருக்கா" என்று பெருமையாகச் சொல்வாள். பூச்சு கொஞ்சம் தடிமனாகவே விழுந்திருந்தது.

அண்ணாச்சி ஒடிசலான மனிதர். என்னில் பாதிகூடத் தேறமாட்டார். இடது மணிக்கட்டில் கொத்தாக ரப்பர் பேண்டுகள் கிடக்கும். பொட்டலத்துக்கு ஒன்றாக உருவி மாட்டுவார். கோபம் வந்தால் அதில் ஒன்றை இழுத்துத் தன் கையிலேயே சுண்டிக்கொள்வார். எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது ஒரு கேள்விதான்.

"அண்ணாச்சி, கால் கிலோ காரச்சேவு."

"யாருக்கு?"

"அப்பாவுக்கு."

"ஒங்க அப்பா அருப்புக்கோட்டைக்கு வேலைக்குப் போயிருக்காக. ஆறு மணி பஸ்ஸுல வந்து எறங்குவாக. அவுக கையிலயே நான் குடுத்துக்கிறேன்."

"அப்ப சீனிச்சேவு நூறு."

"அது யாருக்கு?"

"அம்மாவுக்கு."

"ஒங்க அம்மாவுக்குச் சுகரு. போன வாரம் அவுகளே இங்கன நின்னு சொன்னாக."

எனக்குக் குடும்பத்தில் ஆள் தீர்ந்துபோகும். அந்த நேரம் பார்த்துக் கூடையிலிருந்து இரண்டு வெள்ளரிப்பிஞ்சை எடுத்து நீட்டுவார். "காசு வேணாம். கடிச்சுக்கிட்டே வீட்டுக்குப் போ." மிளகும் பூண்டும் தட்டிப் போட்ட சேவை நினைத்துக்கொண்டு வெள்ளரிப்பிஞ்சைக் கடிப்பது எவ்வளவு கொடுமை என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். வேறு கடைக்குப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனேன். அங்கே விற்றதும் சேவு என்ற பெயரில்தான் விற்றது, அவ்வளவுதான். அண்ணாச்சி கடைக்கு மட்டும்தான் அருப்புக்கோட்டையிலிருந்து வாரம் இரண்டு முறை டின்னில் புதுச் சேவு இறங்கும்.

ஒருநாள் என் வகுப்புத் தோழி செல்வியைத் தூது அனுப்பினேன். செல்வி காற்றடித்தால் கம்பியைப் பிடித்துக்கொள்கிற ரகம். அவளுக்கு எந்தக் கேள்வியும் இல்லாமல் சேவு கிடைத்துவிட்டது. ஆனால் அண்ணாச்சி, "இங்கனயே நின்னு தின்னுட்டுப் போ தாயி" என்று சொல்லிவிட்டார். கரண்டுக் கம்பத்துக்குப் பின்னால் நான் ஒளிந்து நின்று பார்க்க, அவள் கால் கிலோவையும் நிதானமாகத் தின்று, தண்ணீரும் வாங்கிக் குடித்துவிட்டு வந்தாள். மறுநாளும் தூது போகட்டுமா என்று அவளே கேட்டாள்.

இத்தனைக்கும் அண்ணாச்சி முன்பெல்லாம் அப்படி இல்லை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, அம்மா கேட்ட நூறு கிராமைக் கட்டிக் கொடுத்துவிட்டு மேற்கொண்டு ஒரு பிடி அள்ளி என் உள்ளங்கையில் வைத்தவர்தான். அவருக்கு ஒரே மகள். தாயில்லாப் பிள்ளை. அவள் வளர்ந்ததே கடைக்குள்தான். பள்ளிக்கூடம் விட்டதும் அரிசி மூட்டை மேல் ஏறி உட்கார்ந்து, புத்தகம் மடியிலும் கை சேவு டின்னிலுமாகப் படிப்பாளாம். பாடம் முடிவதற்குள் டின் முடிந்துவிடும் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். ஊரில் அவளுக்குக் 'குண்டுப் பாப்பா' என்று பெயர். எனக்கு அக்கா. நன்றாகப் படித்து மதுரையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்கும் சேர்ந்துவிட்டாள்.

நான் எட்டாம் வகுப்பு முழுப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தபோது அக்கா ஊருக்குத் திரும்பி வந்தாள். முதலில் ஒரு கண்ணில் பார்வை மங்கியிருக்கிறது. அது தானாகத் தெளிந்து, சில மாதம் கழித்து இடது கால் மரத்துப்போயிருக்கிறது. மதுரையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார்கள். அந்தப் பெயர் அண்ணாச்சியின் வாயில் நுழையவில்லை. டாக்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற சுருக்கப் பெயரைப் பிடித்துக்கொண்டார். அதுதான் வினையாகப் போயிற்று.

"மக வந்துருக்காளாமே அண்ணாச்சி?" என்று விசாரித்தவர்களிடம் அவர், "ஆமா. அவளுக்கு எம்.எஸ்.ஸுன்னு சொல்லிட்டாக" என்றார்.

ஊர் சந்தோஷப்பட்டது. "எம்.எஸ்.ஸா! அமெரிக்காவுலயா?" என்றார் போஸ்ட்மேன். மல்லாங்கிணற்றிலிருந்து மாமன் முறை ஒருவர் ஆப்பிளோடும் சால்வையோடும் வந்து இறங்கினார். பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவர் வேட்டியைத் தூக்கி முழங்கால் கட்டியைக் காட்டி, "இதுக்கு ஆபரேசன் வேணுமான்னு மகளை ஒரு எட்டுப் பாக்கச் சொல்லுங்க" என்று நின்றார். அண்ணாச்சிக்கு எதையும் திருத்திச் சொல்ல நாக்கு எழவில்லை. ரப்பர் பேண்டைச் சுண்டிக்கொண்டே நின்றார். கடைசியில் அக்காதான் கம்பை ஊன்றிக்கொண்டு வெளியே வந்தாள்.

"படிப்பு இல்ல பெரியப்பா, நோயி" என்று அறிவித்தாள். மாமன் மெதுவாகச் சால்வையை மடிக்கத் தொடங்கினார். "அத வச்சுட்டுப் போங்க மாமா, எனக்குச் சூடு ஆகாதுன்னு ஏசி போடுறோம், அந்த ரூமுக்கு ஆகும்" என்று அக்கா வாங்கி வைத்துக்கொண்டாள்.

அதற்கடுத்த முறை மகளோடு மதுரைக்குப் போனபோது அண்ணாச்சி ஆஸ்பத்திரியில் ஒரு சேதியைக் கேட்டுவிட்டு வந்தார். வளர்கிற வயதில் உடம்பு அதிகமாகக் கனத்த பிள்ளைகளுக்குப் பிற்பாடு இந்த நோய் வருகிற வாய்ப்புக் கொஞ்சம் கூடுதல் என்பது சேதி. 'கொஞ்சம்' என்ற சொல்லை அவர் காரியாபட்டி வருவதற்குள் பஸ்ஸிலேயே தொலைத்துவிட்டார் என்று நினைக்கிறேன். மறுநாள் காலையிலிருந்துதான் "யாருக்கு?" ஆரம்பித்தது.

காரணம் எங்கள் யாருக்கும் தெரியாது. அண்ணாச்சிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தோம்.

ஒரு சனிக்கிழமை. கடையில் நல்ல கூட்டம். நானும் விடாப்பிடியாகச் சேவு கேட்டுக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி ஏதோ முடிவுக்கு வந்தவராக வெளியே வந்து, மிளகாய் வத்தல் மூட்டை நிறுக்கிற இரும்புத் தராசைக் காட்டினார்.

"இதுல ஏறு. ஏறுனா சேவு தாரேன்."

சேவுக்காக நான் எதிலும் ஏறக்கூடியவளாக இருந்தேன். ஏறினேன். அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "ரெண்டு மூட்டை வத்தலு" என்று சத்தமாகச் சொன்னார். "அதுக்கு மேல அரை மூட்டை மல்லி."

கூட்டம் சிரித்தது. வத்தல் எடுக்க வீரசோழனிலிருந்து வந்திருந்த வியாபாரி, திரும்பிப் பார்க்காமலேயே, "என்ன வெலை போகுது?" என்று கேட்டார். சிரிப்பு இரண்டு மடங்காயிற்று. நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். தராசிலிருந்து இறங்கிய பிறகுதான் அழுகை வந்தது. அண்ணாச்சி சொன்ன சொல் தவறாமல் பொட்டலத்தை நீட்டினார். வாங்காமல் ஓடிவந்துவிட்டேன். என் வரலாற்றில் அது முதல் முறை.

அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கடைக்குப் போனாள். அழுதபடி நானும் பின்னாலேயே போனேன்.

"ஏன் அண்ணாச்சி, ஒங்களுக்கு மூளை கெட்டுப்போச்சா? வயசுப்புள்ளைய மூட்டை நிறுக்குற தராசுல ஏத்துவீகளா? எங்க காசு, எங்க புள்ள, எங்க வயிறு. ஒங்களுக்கு எங்கிட்டு வலிக்குது?"

"வலிக்குது தாயி" என்றார் அண்ணாச்சி. "எம்மகளும் இந்த வயசுல இதே எடைதான். எல்லாம் நான் குடுத்தது. இந்தக் கையாலதான் அள்ளி அள்ளிக் குடுத்தேன். அதுனாலதான் இந்த நோயி வந்துச்சுன்னு இப்பச் சொல்றாக. வாசப்படி ஏற முடியாம நிக்கா. ஒங்க மகளும் அப்படி நிக்கணுமா?"

அம்மா வாயடைத்து நின்றாள். ஊரில் யாரும் அதுவரை பார்த்திராத காட்சி அது.

அன்றோடு அவமானம் போய் எனக்குப் பயம் வந்துவிட்டது. இரண்டுமே கெடுதல்தான், ஆனால் அவமானத்தோடு சாப்பிட முடியும். பயத்தோடு முடியவில்லை. கண்ணில் தூசி விழுந்தால் பார்வை போயிற்று என்று நினைத்தேன். வரலாறு பாடவேளையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த கால் மரத்துப்போக, "டீச்சர், எனக்கு வந்துருச்சு!" என்று கத்தினேன். டீச்சர் வேறு எதையோ நினைத்துக்கொண்டு என்னைத் தனியாக அழைத்துப்போய்ப் பாவாடையில் கறை இருக்கிறதா என்று பார்த்தார். மூன்று நாள் வெறும் தண்ணீரும் வெள்ளரிப்பிஞ்சும்தான். அம்மா தட்டோடு பின்னால் அலைந்தாள். ஊட்டவும் பயம், ஊட்டாமல் இருக்கவும் பயம். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் முட்டை எண்ணி வைக்கிறவள், என் தட்டுக்கு முன்னால் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்தாள். நான்காம் நாள் காலை இறைவணக்கத்தில் மயங்கி விழுந்தேன். எனக்கு முன்னால் நின்ற செல்வியும் அடியில் சிக்கிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் அக்கா என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். கடைக்குப் பின்னால்தான் வீடு. ஏசி போட்ட அறையில் லேப்டாப்பில் கம்பெனி வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அண்ணாச்சியை நிற்க வைத்திருந்தாள், வகுப்புக்கு வெளியே நிறுத்திவைத்த பையன் மாதிரி.

"என்னடி, பட்டினி கெடக்கியாமே? இந்த நோயி என்னன்னு தெரியுமா ஒனக்கு?"

தெரியாது என்று தலையாட்டினேன்.

"நரம்புங்கறது கரண்டு ஒயரு மாதிரி. மேல ஒரு ஒறை இருக்கும். வீட்டுக்குக் காவலா வளத்த நாயே அந்த ஒயரக் கடிச்சா எப்படி இருக்கும்? அதான். நாய்க்கு ஏன் புத்தி பெரண்டுச்சுன்னு யாருக்கும் சரியாத் தெரியல. எங்க அப்பாவுக்கு மட்டும் தெரிஞ்சுபோச்சு." அவர் பக்கம் திரும்பினாள். "ஏம்ப்பா, நான் ஒங்க மகளா, இல்ல கடை வாசல்ல ஒட்டுன நோட்டீசா? போறவ வாறவளையெல்லாம் கூப்பிட்டு என்னையக் காட்டிப் பயமுறுத்துறீக?"

அண்ணாச்சி தரையைப் பார்த்தார்.

"வியாழக்கெழமை மதுரைக்குப் போறேன். ரெண்டு பேரும் கூட வாங்க. டாக்டரம்மாகிட்ட நேராக் கேட்டுக்கங்க. அதுக்கப்புறம் என்னைய ஆள விடுங்க."

போனோம். நரம்பு டாக்டரின் வரிசையில் இருபது பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணாச்சியின் கண் ஒவ்வொரு ஆளாக எடை போட்டுக்கொண்டே போனது. எங்களுக்கு எதிரே, ஈர்க்குச்சி மாதிரி ஒரு இளைஞன் அக்காவைப் போலவே கம்பு ஊன்றி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவன் அம்மா.

"தம்பிக்கு என்ன?" என்றார் அண்ணாச்சி.

அந்த அம்மாள் அதே நோயின் பெயரைச் சொன்னார்.

"சின்ன வயசுல குண்டா இருந்தாரோ?"

"இவனா? பொறந்ததுலேருந்து இப்படித்தான். ஓட்டப் பந்தயத்துல மாவட்டத்துக்கே ஓடுனவன்."

"நல்லா நெனைச்சுப் பாருங்க தாயி. ஒரு வருசமாச்சும்?"

"அப்பா!" என்றாள் அக்கா. அந்தப் பையன் சிரித்துவிட்டான். அண்ணாச்சி சிரிக்கவில்லை. டாக்டர் கூப்பிடுகிறவரை அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் அவரை ஏதோ ஏமாற்றிவிட்டதைப் போல இருந்தது அந்தப் பார்வை.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "ஐயா, வளர்ற வயசுல உடம்பு அதிகமா இருந்தா ஆபத்து கொஞ்சம் கூடும்னு சொல்றது நிஜம்தான். ஆனா இந்த நோயே அபூர்வம். குண்டான பிள்ளைங்கள்ல அநேகம் பேருக்கு வர்றதே இல்ல. ஒல்லியா இருக்கவங்களுக்கும் வருது. பரம்பரை, எப்பவோ வந்துட்டுப் போன வைரஸ், வைட்டமின் டி குறைவு, இப்படிப் பல சங்கதி சேரணும்."

"அதெல்லாம் இருக்கட்டும்மா. எம்மகளுக்கு, நான் குடுத்த சேவுனாலதானா? அது ஒண்ண மட்டும் சொல்லுங்க. ஆமான்னாலும் தாங்கிக்கிருவேன்."

"தெரியாதுங்கய்யா."

"நீங்க இம்புட்டுப் படிச்சவுக. ஒங்களுக்கே தெரியாதா?"

"எனக்கும் தெரியாது. யாராலயும் சொல்ல முடியாது."

ஆமாம் என்றிருந்தால் அண்ணாச்சி அழுதிருப்பார். இல்லை என்றிருந்தால் எழுந்து கும்பிட்டிருப்பார். தெரியாது என்பதை வாங்கி எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

"அப்பா" என்றாள் அக்கா. "எனக்கும் அதே பதில்தான் சொன்னாக. அத வச்சுக்கிட்டுத்தான் நான் வேலை பாக்கேன். நீங்களும் பழகிக்கங்க. இன்னொண்ணு, அந்தச் சேவு எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. சாயங்காலம் ஆனா ஒங்ககூட ஒக்காந்து திங்கலாம்னுதான் பள்ளிக்கூடத்துலேருந்து ஓடியாருவேன். அதையும் கொண்டுபோயி நோயில சேத்துறாதீக."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெகுநேரம் துடைத்தார்.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, "பட்டினி கிடக்கக் கூடாது. மூணு வேளையும் ஒழுங்கா சாப்பிடு, தினமும் நட, விளையாடு. உடம்பு குறையறது எல்லாத்துக்குமே நல்லது. சேவெல்லாம் எப்பவாவது" என்றார்.

"எப்பவாவதுன்னா, வாரத்துக்கு எத்தன நாளு?" என்று கேட்டேன். எனக்கும் திட்டமான பதில்தான் வேண்டியிருந்தது. அன்றைக்கு அந்த அறையில் முதல்முறையாக அண்ணாச்சி சிரித்தார்.

அதன் பிறகு அவர் எல்லாருக்கும் சேவு விற்றார். "யாருக்கு?" என்று வாய் வரைக்கும் வரும், விழுங்கிவிடுவார். எனக்கு நிறுக்கும்போது மட்டும் தராசுத் தட்டையே உற்றுப் பார்ப்பார், ஏதாவது ஒரு துண்டு தானாகக் குறையாதா என்று. வெயில் ஏறினால் அக்காவுக்குக் கால் தள்ளாடும் என்பதால் விடியற்காலையில் கண்மாய்க்கரையில் நடப்பாள். நானும் கூடப் போனேன். அவள் மெதுவாகத்தான் நடக்க முடியும். எனக்கும் அதுதான் முடிந்த வேகம். பத்தாம் வகுப்பு முடிவதற்குள் டெய்லர் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். அக்கா ஊசியும் மருந்துமாக ஓரளவு தேறி மறுபடி கம்பெனிக்கே போனாள். நோய் இடையிடையே வந்து எட்டிப் பார்க்கும், போகும் என்று கேள்வி. அண்ணாச்சியும் கடையைக் கைமாற்றிவிட்டு மதுரைக்கே போய்விட்டார்.

அவரை நினைத்தால் என் கண்முன்னால் வருவது, அந்த வியாழக்கிழமை நாங்கள் ஊருக்குத் திரும்பி வந்து இறங்கிய நேரம்தான். மத்தியானம் இரண்டரை மணி. வெயிலில் பஸ்ஸுக்குள் வெந்து வந்ததில் அக்காவின் கால் சொன்னபடி கேட்கவில்லை. திருச்சுழி பஸ் ஸ்டாண்டில் நாங்கள்தான் கடைசியாக இறங்க வேண்டியவர்கள். அண்ணாச்சி முதலில் குதித்து இறங்கி, இரண்டு கையையும் விரித்தார்.

"வா, தூக்கி எறக்கிவிட்டுர்றேன்."

"தூக்க வேணாம்ப்பா. ஒரு கையக் குடுங்க. இழுக்கக் கூடாது. சும்மா குடுங்க."

அவர் ஒரு கையை மடக்கிக்கொண்டு மற்றொன்றை நீட்டினார். அக்கா அதைப் பிடித்துக்கொண்டு முதல் படியில் காலை இறக்கினாள். கால் இடம் தேடியது. அண்ணாச்சியின் தோளும் கழுத்தும் முன்னால் எம்பின. கை மட்டும் அசையவில்லை. நான் பையைப் பிடித்துக்கொண்டு அக்காவுக்குப் பின்னால் நின்றேன்.

"பெரியவரே, வண்டிக்கு நேரமாச்சு. தூக்கித்தான் எறக்குங்களேன்" என்றார் கண்டக்டர்.

"எறங்குவா. இருங்க" என்றார் அண்ணாச்சி.

இரண்டாவது படி. உள்ளேயிருந்து யாரோ முணுமுணுத்தார்கள். டிரைவர் ஒருதரம் ஹாரன் அடித்தார். வெயில் நேரே அண்ணாச்சியின் தலையில் இறங்கிக்கொண்டிருந்தது. நெற்றி வியர்வை கண்ணுக்குள் போனது. துடைக்கவும் கையை எடுக்கவில்லை.

மூன்றாவது படி. அப்புறம் தரை. அக்கா கம்பை ஊன்றி நிமிர்ந்து நின்றாள். நானும் இறங்கினேன். அக்கா பஸ்ஸின் பக்கவாட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"எறங்கியாச்சு. ரைட், போகலாம்" என்றாள்.

கண்டக்டர் விசில் அடிக்க மறந்து நின்றார். பஸ் அவள் சொல்லுக்கே கிளம்பிப் போயிற்று.